கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் காட்டலாமா?

மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்கள். அது எல்லாருக்கும் தெரியும்.

கம்ப்யூட்டருக்கும் தண்ணீர் காட்டுகிறார்கள். இது தெரியுமா?

கதை இல்லை, உண்மைதான். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் குழாய் போடுகிறார்கள். பம்ப் வைக்கிறார்கள். ரேடியேட்டர் மாட்டுகிறார்கள். தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே இருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. சாமான்களைத் துண்டு துண்டாகச் சேர்த்து, தங்கள் கையாலேயே இதைக் கட்டுகிற வாலிபர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரைக் கம்பெனி சொன்ன வேகத்தைவிட அதிக வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. "ஓவர்கிளாக்கிங்" என்று இதற்குப் பெயர்.

இந்த ஆசை பட்டணத்தோடு நிற்கவில்லை. செல்போனில் படம் பார்க்கிற பிள்ளைக்கு அமெரிக்காவும் ஒன்றுதான், அவலூர்பேட்டையும் ஒன்றுதான்.

அவலூர்பேட்டை செஞ்சிச் சீமையில் உள்ள ஊர். வாரச் சந்தை கூடும் ஊர். நெல் மூட்டைகள் வந்து குவியும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் அங்கே இருக்கிறது. திருவண்ணாமலையில் ஒரு சாலைக்கே அவலூர்பேட்டை சாலை என்று பெயர். இப்படிப்பட்ட ஊரில், கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ ஒரு நாள் வந்து, "அப்பா! கம்ப்யூட்டருக்குத் தண்ணீர்க் குழாய் போட வேண்டும். பணம் கொடுங்கள்" என்று கேட்டால் தகப்பனார் என்ன செய்வார்?

முதலில் திகைப்பார். பிறகு கோபப்படுவார். "கரண்டில் ஓடுகிற சாமானில் தண்ணீரை ஊற்றுவாயா? புத்தி கெட்டுப் போச்சா?" என்று சத்தம் போடுவார்.

அந்தத் தகப்பனாருக்கும் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

தாளம்

வேகத்தைக் கூட்டுவது என்றால் என்ன?

கம்ப்யூட்டரின் மூளை ஒரு சிறிய சில்லு. அந்தச் சில்லு ஒரு தாளத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறது. ஏற்றம் இறைத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். மேலே ஒருவர் மிதிப்பார். கீழே ஒருவர் சாலைப் பிடிப்பார். பாட்டின் தாளத்துக்குச் சால் ஏறும், இறங்கும். பாட்டை வேகமாகப் பாடினால் தண்ணீரும் வேகமாக வரும். ஆட்களுக்கு மூச்சு வாங்கும், வியர்வை கொட்டும்.

சில்லும் அப்படித்தான். 4 கிகாஹெர்ட்ஸ் என்று கடைக்காரர் சொன்னால், ஒரு வினாடிக்கு 400 கோடித் தாளம் என்று அர்த்தம். அந்தத் தாளத்தைக் கூட்டி ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்கிங். தாளம் கூடினால் வேலை கூடும். வேலை கூடினால் சூடும் கூடும்.

இதில் ஒரு காலத்தில் நல்ல லாபம் இருந்தது. 1998-ஆம் ஆண்டில் இன்டெல் கம்பெனி "செலரான் 300ஏ" என்ற மலிவான சில்லை விற்றது. அதன் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். விவரம் தெரிந்தவர்கள் அதை 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். ஒன்றரை மடங்கு வேகம்! பெரிய விலை கொடுத்தவன் வாங்கிய வேகத்தைச் சிறிய விலை கொடுத்தவனும் அனுபவித்தான். ஏழை மாணவனுக்கு அது ஒரு வரப்பிரசாதம்.

இன்று நிலைமை அப்படி இல்லை. இதைப் பிள்ளைகள் மனத்தில் வைக்க வேண்டும். இப்போது கம்பெனிக்காரர்களே சில்லை ஏறக்குறைய முழுதும் பிழிந்துதான் விற்கிறார்கள். வேலை வந்தால் அதுவே வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. சூடு மிஞ்சினால் அதுவே குறைத்துக்கொள்கிறது. நாம் கூட்டுவதற்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். கரும்பை ஆலையிலேயே பிழிந்துவிட்டார்கள். சக்கையை வீட்டில் மறுபடியும் பிழிந்தால் எவ்வளவு சாறு வரும்?

சூட்டுக் கணக்கு

சில்லு விரல் நகம் அளவுதான். ஆனால் வேகமான சில்லு ஒன்று 200 வாட் மின்சாரம் சாப்பிடும். பழைய 100 வாட் குண்டு பல்பு இரண்டு எரிகிற சூடு அந்த நகத்தளவு இடத்தில் கிளம்புகிறது. துணி தேய்க்கும் மின்சாரப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆயிரம் வாட். ஆனால் அதன் அடித்தகடு உள்ளங்கையைவிடப் பெரியது. இடத்துக்கு இடம் கணக்குப் பார்த்தால், சில்லின் தலையில் கிளம்பும் சூடு தேய்ப்புப் பெட்டியைப்போல் சுமார் 20 மடங்கு!

வேகத்தைக் கூட்டும்போது இன்னொரு சங்கடம் இருக்கிறது. தாளத்தை மட்டும் கூட்டினால் சில்லு தடுமாறும். அதைத் தாங்க வோல்டேஜையும் கொஞ்சம் கூட்ட வேண்டும். வோல்டேஜ்தான் பொல்லாதது. தாளத்தை ஒரு பங்கு கூட்டினால் சூடு ஒரு பங்கு ஏறும். வோல்டேஜை ஒரு பங்கு கூட்டினாலோ சூடு இரட்டிப்பாக ஏறும். நூற்றுக்குப் பத்து தாளம், நூற்றுக்குப் பத்து வோல்டேஜ் என்று கூட்டினால், நூறாக இருந்த சூடு 133 ஆகிவிடும். கிடைத்த வேகம் பத்து. ஏறிய சூடு முப்பத்து மூன்று.

வோல்டேஜின் பொல்லாத்தனம் கம்பெனிக்காரர்களையே விடவில்லை. 2024-ஆம் ஆண்டில், இன்டெல் கம்பெனியின் 13, 14-ஆம் தலைமுறை மேஜைக் கம்ப்யூட்டர் சில்லுகள் பல நிலை தடுமாறின. அளவுக்கு மேல் வோல்டேஜ் போனதே காரணம் என்று அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. உத்தரவாதக் காலத்தை மேலும் 2 ஆண்டு நீட்டிக் கொடுத்தது. சில்லைப் படைத்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், வீட்டில் கை வைப்பவர்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

தாத்தாவுக்குத் தெரியும்

"தண்ணீரைக் கொண்டு எந்திரத்தைக் குளிர வைப்பதா?" என்று அப்பா வியக்கலாம். தாத்தா வியக்க மாட்டார்.

மின்சார மோட்டார் வருவதற்கு முன்னால் கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் ஓடியது. டுப், டுப் என்று ஊர் முழுதும் கேட்கும். அந்த எஞ்சின் எதனால் குளிர்ந்தது? கிணற்றுத் தண்ணீரால்தான். பம்ப் இறைக்கும் தண்ணீரில் ஒரு சிறு பகுதி, எஞ்சினைச் சுற்றியுள்ள அறைக்குள் புகுந்து, சூட்டை வாங்கிக்கொண்டு, ஒரு சின்னக் குழாய் வழியாக வெதுவெதுப்பாக வெளியே கொட்டும். அந்தக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதுதான் எஞ்சின்காரரின் முதல் வேலை. தண்ணீர் நின்றால் எஞ்சினை நிறுத்து! இதுதான் சட்டம்.

இன்று டிராக்டர் ஓட்டுகிறவருக்கும் இது தெரியும். ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் அவர் உழவுக்குக் கிளம்ப மாட்டார். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவும் மாட்டார்.

கம்ப்யூட்டருக்கும் இதே வித்தைதான். சில்லின் தலைமேல் ஒரு செம்புக் கட்டி உட்காரும். அதற்குள் தலைமயிர்போல் நெருக்கமான சந்துகள் இருக்கும். தண்ணீர் அந்தச் சந்துகளில் புகுந்து ஓடிச் சூட்டை வாங்கும். குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகும். அங்கே விசிறி காற்றடித்துச் சூட்டை வெளியே தள்ளும். ஆறிய தண்ணீர் சிறு தொட்டிக்கு வரும். பம்ப் அதை மறுபடியும் சில்லுக்குத் தள்ளும். ஆயில் எஞ்சினில் தண்ணீர் வெளியே போய்விட்டது. இங்கே அதே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. மொத்தம் ஒரு லிட்டர் அளவுதான்.

காற்று இருக்கும்போது தண்ணீர் எதற்கு? ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேற வாங்கிக்கொள்ளும் வெப்பம், ஒரு லிட்டர் காற்று வாங்கிக்கொள்வதைப்போல் மூவாயிரம் மடங்குக்கும் மேல். தண்ணீர் பெரிய வயிற்றுக்காரன்! நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் ஓடினாலே போதும். 250 வாட் சூட்டை அள்ளிக்கொண்டு, தண்ணீர் 4 டிகிரிகூட ஏறாது.

இது விளையாட்டுப் பிள்ளைகள் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. பெரிய கம்பெனிகளும் வங்கிகளும் வாங்கிய ஐ.பி.எம். 3081 என்ற பெரிய கம்ப்யூட்டர், 1980-ஆம் ஆண்டிலேயே தண்ணீரால்தான் குளிர்ந்தது. 1985-இல் வந்த கிரே-2 என்ற மகா கம்ப்யூட்டரில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மின்சாரம் பாயாத ஒரு திரவத்தில் சில்லுகளை அப்படியே மூழ்க வைத்துவிட்டார்கள். ஊறுகாய் ஜாடிபோல! அந்தப் பெரிய வித்தையின் சின்னப் பிள்ளைதான், இன்று வீட்டு மேஜைமேல் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே பெற்றோரே, பிள்ளை குழாய் போட வேண்டும் என்றால் பைத்தியம் என்று விரட்டாதீர்கள். அவனைத் தாத்தாவின் பக்கத்தில் உட்கார வையுங்கள். பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

மூட்டுதான் பலம்

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டு சேர்ந்தன. தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி ஒன்றுதான். கோட்டையைப் பார்த்தவர்கள் கல்யாண மகாலைப் பார்த்திருப்பார்கள். அடுக்கு அடுக்காக உயர்ந்து நிற்கும். அதன் மேல் நிலை வரையில் சுட்ட மண் குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுபோனார்கள். மண் குழாயைச் செய்வது பெரிதில்லை. குழாயும் குழாயும் சேரும் இடத்தில் சொட்டாமல் பூசுவதுதான் வித்தை.

கம்ப்யூட்டர்க் குழாயிலும் ஆபத்து மூட்டில்தான் இருக்கிறது. ஒரு மூட்டு தளர்ந்தால் போதும். சொட்டு விழும். பல ஆயிரம் ரூபாய்ச் சாமான் போய்விடும்.

எனவே தெரிந்தவர்கள் குழாயைப் பூட்டியதும் கம்ப்யூட்டரை ஓட்ட மாட்டார்கள். மற்ற எதற்கும் மின்சாரம் கொடுக்காமல், பம்புக்கு மட்டும் கொடுப்பார்கள். ஒவ்வொரு மூட்டின் கீழும் வெள்ளைக் காகிதம் வைப்பார்கள். ஒரு நாள் முழுதும், 24 மணி நேரம் தண்ணீரைச் சுற்ற விடுவார்கள். காகிதம் நனையவில்லை என்றால்தான் அடுத்த வேலை. இந்த ஒரு நாளைப் பொறுக்க முடியாதவர்கள் இந்தத் தொழிலில் இறங்கக் கூடாது. பம்பும் வெறுமனே ஓடக் கூடாது. தொட்டி பம்புக்கு மேலே இருக்க வேண்டும்.

என்ன தண்ணீர் ஊற்றுவது? ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். சோற்றுப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பு செம்புக் கட்டியின் சந்துகளை அடைத்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். பாசி பிடிக்காமலிருக்க மருந்தும் சேர்க்க வேண்டும். வடித்த தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது என்பது உண்மைதான். அதை நம்பி அலட்சியமாக இருக்கக் கூடாது. குழாயில் சுற்றச் சுற்ற அதில் உலோகச் சத்து கரையும். தூசியும் சேரும். பிறகு அதிலும் மின்சாரம் பாயும்.

செம்பு ஒரு பக்கம், அலுமினியம் ஒரு பக்கம் என்று கலந்து வாங்குவது இன்னொரு தவறு. இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரித்துப் போகும். மலிவாகக் கிடைக்கிறது என்று ரேடியேட்டரை மட்டும் அலுமினியத்தில் வாங்குவார்கள். சில மாதத்தில் அடைப்பு வரும், ஓட்டை விழும்.

வெயில் ஊரில் என்ன செய்யும்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம்.

செல்போனில் ஓடும் படங்களில் குளிர் நாட்டு அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கட்டுகிறார்கள். அறையின் வெப்பம் 20 டிகிரி இருக்கும். நம் பக்கத்தில் சித்திரை, வைகாசி வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் கேட்கவே வேண்டாம்.

ரேடியேட்டரில் ஓடும் தண்ணீர், அறைக் காற்றைவிடக் குளிர முடியாது. இதை அழுத்தமாகச் சொல்லுகிறோம். மண் பானைத் தண்ணீர் குளிருகிறதே என்று கேட்கலாம். பானை கசிகிறது. கசிந்த தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. கம்ப்யூட்டர்க் குழாய் கசிவதில்லை. கசியவும் கூடாது. ஆகவே பானையின் வித்தை அங்கே நடக்காது. (பெரிய தகவல் நிலையங்களில் நடக்கிறது. அவற்றில் பல, தண்ணீரை ஆவியாக்கித்தான் ஆயிரக்கணக்கான எந்திரங்களைக் குளிர வைக்கின்றன. போன தண்ணீர் திரும்புவதில்லை. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரெயிலில் தண்ணீர் கொண்டுவந்து குடித்த சென்னை, தகவல் நிலையங்களை வரவேற்கும்போது இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.)

கணக்கைப் பாருங்கள். நல்ல ஏற்பாட்டில் தண்ணீர் அறையைவிடப் பத்து டிகிரி கூடுதலாக இருக்கும். சில்லு தண்ணீரைவிட முப்பது, நாற்பது டிகிரி கூடுதலாக இருக்கும். அறை 20 டிகிரி என்றால் சில்லு 60, 70. அறை 40 டிகிரி என்றால் சில்லு 80, 90. பல சில்லுகள் 100 டிகிரியை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியானால் பணம் போட்டுக் கூட்டிய வேகம் நடுப்பகலில் காணாமல் போகும்!

அப்படியென்றால் வெயில் ஊருக்குத் தண்ணீர் உதவாதா? அப்படியும் சொல்ல மாட்டோம். 2010-ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தில் ஸூரிச் நகரத் தொழில்நுட்பக் கழகத்தில், ஐ.பி.எம். கம்பெனி "அக்வாசார்" என்ற கம்ப்யூட்டரை அமைத்தது. அதில் சில்லுகளுக்கு 60 டிகிரி வெந்நீரை அனுப்பினார்கள். கை வைத்தால் சுடும் தண்ணீர்! அதுவே சில்லுகளைக் காப்பாற்றியது. சில்லு 85 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால் போதும் அல்லவா? அதற்கு 60 டிகிரித் தண்ணீரும் குளிர்ந்த தண்ணீர்தான். வெளியே வந்த வெந்நீரைக் குளிர்காலத்தில் கட்டடத்துக்குக் கதகதப்பூட்டப் பயன்படுத்தினார்கள். எனவே வெயில் ஊரில் தண்ணீர் உயிரைக் காக்கும். ஆனால் குளிர் நாட்டான் கூட்டுகிற அளவு வேகத்தைக் கூட்ட அது இடம் கொடுக்காது.

இன்னொன்று. சூடு மாயமாய் மறைவதில்லை. 500 வாட் கம்ப்யூட்டர் என்றால் 500 வாட் சூடும் அறைக்குள்தான் கொட்டும். சின்ன அறையில் சன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால், கம்ப்யூட்டருக்கு முன்னால் பிள்ளை வெந்துவிடுவான்.

தொட்டியில் ஐஸ் போட்டால் என்ன என்று சில வாலிபர்களுக்குத் தோன்றும். தோன்றாமல் இராது. குளிர்ந்த மோரை வெண்கலச் செம்பில் ஊற்றினால் செம்பு வெளியே வியர்க்கிறதல்லவா? ஐஸ் தண்ணீர் ஓடும் குழாயும் செம்புக் கட்டியும் அப்படியே வியர்க்கும். குழாய் ஒழுகாமலே சில்லின் பக்கத்தில் தண்ணீர் சொட்டும். போட்டிக்காரர்கள் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனை ஊற்றி ஓட்டுகிறார்கள். 2022-ஆம் ஆண்டில் திரவ ஹீலியத்தை ஊற்றி ஒரு சில்லை 9 கிகாஹெர்ட்ஸுக்கு மேல், வினாடிக்கு 900 கோடித் தாளத்துக்கு மேல் ஓட்டிக் காட்டினார்கள். அது சில நிமிஷ வேடிக்கை. சர்க்கஸில் மோட்டார் சைக்கிளைக் கிணற்றுச் சுவரில் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, யாரும் சந்தைக்கு அப்படிப் போவதில்லை.

பணம் எங்கே போக வேண்டும்?

தனித்தனியாகச் சாமான் வாங்கித் தண்ணீர் ஏற்பாடு முழுதும் கட்டினால், முப்பது, நாற்பது ஆயிரம் ரூபாய் சாதாரணமாக ஆகிவிடும். சில சமயம் சில்லின் விலையையே மிஞ்சும். நெல் விற்ற பணத்தில் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகையா?

எங்கள் கருத்தைச் சொல்லுகிறோம். முதல் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் வேண்டாம். செம்புக் குழாயும் தகடும் வைத்த நல்ல காற்று விசிறி ஒன்று, தண்ணீர் ஏற்பாட்டின் செலவில் பத்தில் ஒரு பங்குக்கே கிடைக்கும். அது ஒழுகாது, பாசி பிடிக்காது.

மிச்சப் பணத்தில் முதலில் கரண்டைக் கவனியுங்கள். கிராமத்து மின்சாரம் ஏறும், இறங்கும், திடீரென்று நிற்கும். நல்ல பவர் சப்ளையும் யு.பி.எஸ்.ஸும் இல்லாமல் வேகத்தைக் கூட்டுவது, மதகைச் சரி செய்யாமல் ஏரியை நிரப்புவது போல. எர்த் இருக்கிறதா என்று எத்தனை வீட்டில் பார்க்கிறார்கள்? குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, குழாய் இறக்கிய எர்த் இருந்தால்தான் உலோகப் பெட்டியைத் தொடுகிற பிள்ளைக்குப் பாதுகாப்பு. வேகம் போனால் போகட்டும், உயிர் முக்கியம்.

பிறகு தூசி. அறுவடைக் காலத்தில் நெல் தூசி வீட்டுக்குள் வராமல் இருக்குமா? ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே பஞ்சுபோல் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒரு முறை சுத்தம் செய்யாவிட்டால் தண்ணீர் இருந்தும் பயன் இல்லை.

இன்னொரு வித்தையும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பெருமை அடித்துக்கொள்வதில்லை. தாளத்தை அப்படியே விட்டுவிட்டு வோல்டேஜைக் குறைப்பது! நூற்றுக்குப் பத்து வோல்டேஜைக் குறைத்தால் சூடு நூறிலிருந்து 81 ஆகிவிடும். எல்லாச் சில்லும் அவ்வளவு குறைப்பைத் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் சோதித்து, தடுமாறும் இடத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும். வேகத்தைக் கூட்டுகிறவனுக்கு என்ன அறிவு வேண்டுமோ, அதே அறிவுதான் இதற்கும் வேண்டும். செலவு ஒரு காசு இல்லை. மின்சாரக் கட்டணமும் கொஞ்சம் குறையும். வெயில் ஊர் வாலிபனுக்கு ஏற்ற ஓவர்கிளாக்கிங் இதுதான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இதையெல்லாம் பழகிய பிறகும் பிள்ளை தண்ணீர் ஏற்பாடு கேட்டால்? தானே சம்பாதித்ததும் செய்யட்டும். அல்லது, விலை போகாத பழைய எந்திரம் ஒன்றை வாங்கி, அதில் குழாய் போட்டுப் பழகட்டும். வீணானால் பழையதுதானே வீணாகும். அப்போதும், வேகத்தைக் கூட்டினால் கம்பெனியின் உத்தரவாதம் போய்விடக்கூடும் என்பதை முதலிலேயே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு மேஜை வேண்டும்

சர்க்காரையும் ஒன்று கேட்கிறோம்.

2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கினார்கள். லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் அதுதான். அந்தப் பழைய லேப்டாப்புகள் பல, இன்று பரண்மேல் தூங்குகின்றன. அவற்றுக்குத் தண்ணீர்க் குழாய் போட முடியாது. ஆனால் திறந்து பார்க்க முடியும். விசிறியில் அடைத்த தூசியை எடுக்கலாம். சில்லின் மேல் காய்ந்துபோன பசையை வழித்துவிட்டுப் புதுப் பசை தடவலாம். எத்தனை டிகிரி குறைந்தது என்று பார்க்கலாம். சூட்டைப் பற்றிய முதல் பாடத்துக்கு இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது.

சென்னை ஐ.ஐ.டி.யில் "சக்தி" என்று பெயரிட்டு நம் நாட்டுச் சில்லையே வடிவமைத்தார்கள். பேராசிரியர் காமகோடியின் குழுவினர் 2018-ஆம் ஆண்டில் அதை ஓட்டிக் காட்டினார்கள். வருங்காலத்தில் அப்படிப்பட்ட குழுவில் சேர வேண்டிய பிள்ளை, சில்லைக் கண்ணால் பார்க்காமலே வளரலாமா? கம்ப்யூட்டர் பாடம் என்றால் திரையைப் பார்ப்பதும் பொத்தானைத் தட்டுவதுமாகவே முடிகிறது. "பெட்டியைத் திறக்காதே, கெட்டுப் போகும்" என்பதுதான் பிள்ளைகள் அதிகம் கேட்கும் வார்த்தை.

அவலூர்பேட்டை போன்ற ஒவ்வொரு ஊரிலும், மேல்நிலைப் பள்ளியிலோ நூலகத்திலோ, ஒரு மேஜை போட வேண்டும். கெட்டுப்போன கம்ப்யூட்டர்ப் பெட்டிகள் நாலைந்து இருக்கட்டும். திருப்புளி, வெப்பமானி, மின்சாரம் எவ்வளவு போகிறது என்று காட்டும் மீட்டர் இருக்கட்டும். சனி, ஞாயிறுகளில் இரண்டு மணி நேரம், விவரம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். ஒரு பழைய பெட்டிக்குத் தண்ணீர்க் குழாயும் போட்டு வைக்கலாம். பையன்கள் மட்டும் அல்ல, பெண் பிள்ளைகளும் வந்து திருப்புளி பிடிக்கட்டும்.

ஆயில் எஞ்சின் ஓட்டிய பெரியவர் ஒருவரையும் அந்த மேஜைக்குக் கூப்பிடுங்கள். தண்ணீர் வரும் சின்னக் குழாயை அவர் ஏன் ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.